அரை மாற்று

உத்திரமேரூர் என்றால் குடவோலை, எல்லோருக்கும் தெரியும். பராந்தக சோழனின் கி.பி. 921 கல்வெட்டில் பொன்வாரியம் என்று ஒரு குழுவும் வருகிறது. பொன்னின் தரம் பார்க்க.

எதற்கு? நாமே ஒரு கணக்குப் போடுவோம். பொதுக் காரியத்துக்கு 9 பேர் ஆளுக்கு 1 கழஞ்சு, 9 மாற்றுப் பொன் தருகிறார்கள். பத்தாவது ஆசாமி 1 கழஞ்சு, 4 மாற்றில். உருக்கினால் 81-உம் 4-உம் 85. பத்தால் வகுத்தால் எட்டரை மாற்று. அரை மாற்றுதானே, போகட்டும் என்போம். ஆனால் அவர் 4-ஐக் கொடுத்து எட்டரைக்குப் பங்காளி ஆகிவிட்டார். உருக்கிய பிறகு யாரென்று கண்டுபிடிக்கவும் முடியாது.

பால் சொசைட்டியில் கேனில் ஊற்றுமுன் ஆளாளுக்கு சாம்பிள் எடுப்பது இதனால்தான். “என்னையே சந்தேகப்படுறியா?” என்று கோபிப்பவர் உண்டு. கலந்தபின் சோதித்தால் தண்ணியே ஊற்றாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் காசு குறையும்.