இரண்டாவது ஆள்

கல்லூரியில் என்னோடு ஆங்கில இலக்கியம் படித்த நண்பன் ஒருவன் தூத்துக்குடியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுவது அவனுக்கு விரதம் மாதிரி. கரையில் நின்று போட்டது போதும் என்று தோன்றிவிட்டது போலும். கயாக் வாங்கப் போகிறானாம். எஸ்கிமோக்களின் தோல் படகிலிருந்து வந்த வடிவம், இப்போது பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கிறார்கள். அவனுடைய சந்தேகம், ஒருவர் உட்காருவதை வாங்குவதா இருவர் உட்காருவதை வாங்குவதா என்பது. நீளம், எடை, விலை எல்லாம் எழுதிவிட்டு, "நீ பாங்கிலே இருக்கிறவன், யோசித்துச் சொல்" என்று முடித்திருந்தான். மூன்று வாரமாகிறது, பதில் எழுதவில்லை. தயக்கத்துக்குக் காரணத்தை எனக்கே விளக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் தண்ணீர் மனிதன் இல்லை. வில்லாபுரத்தில் குடியிருக்கிறேன். நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருப்பதே பழைய கண்மாய்க்குள்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஐப்பசி மழையில் தெருவைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. நீச்சல் தெரியாது. ஆகவே படகைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

சௌகரியத்தை மட்டும் பார்த்தால் கேள்வி சிக்கலானதல்ல. ஒற்றை இருக்கைப் படகு பத்துப் பன்னிரண்டு அடி நீளம். ஒரே ஆள் இழுத்துப் போய்த் தண்ணீரில் தள்ளிவிடலாம். நினைத்த இடத்தில் நிற்கலாம், நினைத்தபோது திரும்பலாம். இரட்டை இருக்கை அதைவிட நீளம், எடையும் அதிகம். இரண்டு துடுப்பும் ஒரே தாளத்தில் விழாவிட்டால் ஒன்றோடொன்று மோதும். முன்னால் இருப்பவன் தூண்டிலைப் பின்னுக்கு வீசும்போது பின்னால் இருப்பவனின் காது பத்திரமில்லை. மேல்நாட்டில் இந்த வகைக்கு 'விவாகரத்துப் படகு' என்று கேலிப் பெயரே உண்டு. இருந்தாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். இரட்டை இருக்கைப் படகை, காற்றோடு கொஞ்சம் மல்லுக்கட்டினாலும், ஒருவன் தனியாக ஓட்டிவிட முடியும். ஒற்றை இருக்கையில் இன்னொருவனை எந்நாளும் ஏற்ற முடியாது. அதை வாங்குகிறவன் இன்றைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் தீர்மானிக்கவில்லை. இனி வரக்கூடிய ஒருவனை முன்கூட்டியே மறுத்துவிடுகிறான்.

மறுப்பதில் தவறென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் படகில் இன்னொருவனை ஏற்றுகிறபோது என் கவனக்குறைவை அவன் உயிரின்மேல் ஏற்றுகிறேன். தனியே போகிறவன் கவிழ்ந்தால் தான் மட்டும் கவிழ்கிறான். தனிமையில் இப்படி ஒரு நேர்மை இருக்கிறது என்று வெகுநாள் நம்பி வந்தேன். எங்கள் தலைமுறைக்கு இது புதுக்கவிதையிலிருந்து வந்த சொத்து. வைகை அணை திறந்ததும் 'எழுத்து' தொடங்கியதும் ஒரே வருஷம், 1959. இரண்டுமே ஒருவிதத் தேக்கம்தான் என்று குறும்பாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்தத் தேக்கத்திலிருந்துதான் இன்னும் பாசனம் நடக்கிறது. தனியனின் குரலுக்கு ஒரு கௌரவம் கிடைத்தது அதன் பிறகுதான். கௌரவம் கிடைத்த பின்பு, தனியாக இருப்பதே உண்மையாக இருப்பது என்று எண்ணத் தொடங்கினோம்.

ஹெமிங்வேயின் கிழவனையும் (1952) இப்படித்தான் வாசித்தோம். தனி மனிதன், கடல், பெரிய மீன். எண்பத்துநான்கு நாள் மீன் கிடைக்காத அந்தக் கிழவனோடு முதல் நாற்பது நாள் ஒரு பையன் படகில் இருந்தான் என்பதும், பெற்றோர் அவனை வேறு படகுக்கு மாற்றிவிட்டார்கள் என்பதும் கதையின் ஆரம்பத்திலேயே இருக்கிறது. கடலுக்குள்ளும் கிழவன் பையனைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவன் தனிமையைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவன்மேல் அது விழுந்தது. இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

கயாக் பிறந்த இடத்திலேயே இதற்கு விசித்திரமான சாட்சியம் கிடைக்கிறது. மேற்கு கிரீன்லாந்தில் சீல் வேட்டைக்காரர்கள் ஒற்றைக் கயாக்கில் தனியே போவார்கள். அவர்களில் சிலருக்கு ஒரு பீதி வரும். புயலில் அல்ல. கடல் கண்ணாடிபோல் அசைவற்றுக் கிடக்கும், வெயில் எதிரே கண்ணைக் கூசும், வேட்டைக்காகத் தானும் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் வரும். படகு ஒருபக்கம் சாய்வதுபோல, தண்ணீர் உள்ளே ஏறுவதுபோலத் தோன்றும். துடுப்பை அசைக்கக் கை வராது. 19ஆம் நூற்றாண்டிலேயே டேனிஷ் வைத்தியர்கள் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். காபியும் புகையிலையும் காரணம் என்றுகூட ஒரு சாரார் சொன்னார்கள். குஸ்ஸோ என்ற ஆய்வாளர் 1963ல் எழுதிய கட்டுரையில் புலன்களுக்கு எந்தத் தூண்டுதலும் இல்லாத நிலையோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறார். பீதி தெளியும் விதம்தான் என்னை நிறுத்தியது. காற்று வந்து நீர் சற்றுக் கலைந்தால் போதும். அல்லது இன்னொரு கயாக் பக்கத்தில் வந்தால் போதும். வந்தவன் எதையும் சொல்ல வேண்டியதில்லை. சிலர் அதற்குப் பிறகு தனியே கடலுக்குப் போகவே இல்லை.

அலாஸ்காவுக்கு மேற்கே அலூட் தீவுகளில் இரட்டைத் துளைக் கயாக் உண்டு. பின்னால் இருப்பவன் துடுப்புப் போட்டுப் படகை நிலைநிறுத்துவான், முன்னால் இருப்பவன் ஈட்டி எறிவான். முன்னவனுக்குப் பின்னவன் முகம் தெரியாது. பின்னவனுக்குத் தெரிவது முன்னவனின் முதுகு. பிறகு ரஷ்யர்கள் கடல் நீர்நாய்த் தோலுக்காக வந்து சேர்ந்தார்கள், மூன்று துளைப் படகும் வந்தது. நடுத் துளையில் துடுப்புப் போடாமல் ஒரு துரை உட்கார்ந்து போவதற்கு. மூன்றாவது ஆளைப் பற்றி இங்கு பேசப்போவதில்லை. அவனை எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு பேர் என்றால் எல்லா இரண்டும் ஒன்றல்ல என்று என் உத்தியோகம் எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது. பாங்கில் பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் நான் போடும் வரவை இன்னொருவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேராக இருப்பது, ஒருவரை நம்ப முடியாது என்பதால். அலூட் படகில் இரண்டு பேர் இருப்பது, ஒருவனால் முடியாது என்பதால். இரண்டுக்கும் நாம் சொல்லும் பெயர் 'கூட்டு'.

இனி, பதில் எழுதாததன் காரணம்.

சில வருஷங்களுக்கு முன் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கிளையில் வேலை பார்த்தேன். வைகை அணையில் மீன் பிடிக்கும் அண்ணன் தம்பி இருவர் எங்களிடம் கணக்கு வைத்திருந்தார்கள். அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, தம்பிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இருவருக்கும் ஒரே பரிசல், அது கிழிந்துவிட்டது. ஒருநாள் கவுண்டரில் வந்து நின்றார்கள். தம்பிதான் பேசினார்.

"சார், தனித்தனியா ரெண்டு சின்னப் பரிசல் வாங்குனா லோனு தோதாக் கிடைக்குமா, இல்ல ஒண்ணாப் பெருசா வாங்கவா?"

அண்ணன் சுவரிலிருந்த வட்டி விகிதப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சேர்ந்து கடன் வாங்கினால் பத்திரத்தில் ஒரு வாசகம் வரும்: சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. அதாவது ஒருவர் கட்டாமல் போனால் மற்றவர் முழுவதையும் கட்ட வேண்டும். அண்ணனின் வயதைப் பார்த்தேன். அவர் நாளைக்கு ஓய்ந்துவிட்டால் முழுக்கடனும் தம்பி தலையில். தனித்தனியே வாங்குவதுதான் நல்லது என்றேன். தம்பிக்கு நல்லதைத்தான் சொன்னேன், சந்தேகமில்லை. கணக்கும் சுத்தமாக இருக்கும்.

"அவன் சொல்றபடி செஞ்சிருங்க சார்" என்றார் அண்ணன்.

எனக்குத் தெரியாமல் சொன்ன யோசனை என்றால் இன்று எழுதுவதற்கு ஒன்றுமிருக்காது. அதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு ஞாயிறு, மீன் சாப்பிடலாமென்று அணைக்குப் போயிருந்தபோது அவர்கள் இருவரையும் தண்ணீரில் பார்த்திருந்தேன். பரிசலுக்கு முன்னும் பின்னும் கிடையாது. வட்டமானது, துடுப்பைச் சற்றுத் தவறிப் போட்டாலும் நின்ற இடத்தில் சுற்றும். தம்பி ஒரு விளிம்பில் குந்தித் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்துப் போட்டார். எதிர் விளிம்பில் அண்ணன் தங்கூசி வலையை முழம் முழமாக இறக்கினார். அவருடைய வலது தோள் மேலே எழவில்லை. கரையேறியபின் கேட்டேன், பழைய அடியாம், துடுப்புப் பிடித்து வருஷமாகிறதாம். தண்ணீருக்கடியில் பழைய ஆற்றுப் பாதை எங்கே போகிறது என்று மட்டும் அவருக்குத் தெரியும். "மீனு இன்னும் ஆத்துலதான் போகுது சார், நமக்குத்தான் அது டேம்" என்றார். கட்லாவும் ஜிலேபியுமாக அன்று நல்ல பாடு.

இதைப் பார்த்தவன்தான் நான். ஆனால் படிவத்தில் இதை எழுதக் கட்டம் இல்லை. தொழில், வயது, ஆண்டு வருமானம், ஜாமீன். 'எதிர் விளிம்பில் உட்காருபவர் யார்' என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. படிவத்தைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. தனித்தனியே என்று நான் சொன்னபோது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. தம்பி தன் வாழ்க்கையைத் தானே தீர்மானிக்கிறார், அதற்கு நான் துணை நிற்கிறேன் என்கிற இலக்கிய வாசகனின் திருப்தி. பாங்கின் விதியும் என் நவீனத்துவமும் ஒரே பதிலைச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அண்ணன் கடன் வாங்கவில்லை. தனிப் பரிசலில் துடுப்பும் போட்டு வலையும் இறக்க ஒரு தோள் போதாது. கரையில் வலை பொத்தும் வேலைக்கு உட்கார்ந்தார். தம்பி சின்னப் பரிசல் வாங்கி ஒழுங்காகத் தவணை கட்டினார். ஆனால் ஆடிக் காற்று தொடங்கியதும் அவருக்கும் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. பரிசலை நிறுத்தினால் வலை போகிறது, வலையைப் பிடித்தால் பரிசல் சுற்றுகிறது. ஒரு பையனைக் கூலிக்குச் சேர்த்துக்கொண்டார். ஆக, சின்னப் பரிசலிலும் இரண்டு பேர்தான் போனார்கள். பையன் துடுப்புப் போட்டான், தம்பி வலை இறக்கினார். ஆற்றுப் பாதைதான் இருவருக்கும் சரியாகப் பிடிபடவில்லை.

இதில் யாரும் மூழ்கவில்லை. யாரும் என்னைக் குற்றம் சொன்னதுமில்லை. தம்பி தீபாவளிக்கு மீன்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவர்களுக்கு ஒரு கூட்டுக் கணக்கு இருந்தது. பாங்கு பாஷையில் 'எய்தர் ஆர் சர்வைவர்': இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் எடுக்கலாம். கடன் பிரிந்தபோது அதையும் முடித்துவிடலாமா என்று கேட்டேன். தம்பி சரி என்றார். அண்ணன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக இடைமறித்தார். "அது பாட்டுக்குக் கிடக்கட்டும் சார்." நான் மாற்றலாகி மதுரை வரும்வரை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவார். வரவு செலவு எதுவும் இராது, வட்டி மட்டும் ஏறியிருக்கும். அதைப் பதிந்து கொடுத்தால் தம்பியின் பெயர் இருக்கிற முதல் பக்கத்தைப் புரட்டி ஒருமுறை பார்த்துவிட்டு, இடது கையால் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார்.