எடுக்கப்படாத முள்

துன்பம் வந்தால் அது நீங்க வேண்டும் என்றுதான் முதலில் ஜெபிக்கிறோம். அதில் தவறே இல்லை. கெத்செமனேயில் இயேசுவே அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி வேண்டினார். பவுல் அப்போஸ்தலனும் தம் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்று முறை வேண்டிக்கொண்டதைக் கொரிந்து சபைக்கு எழுதுகிறார். அது நோயா, வேறு உபத்திரவமா என்று அவர் சொல்லவில்லை. முள் அப்படியே இருந்தது, கிருபை கிடைத்தது. பாரம் இறங்காதபோதும் அதோடு நடக்க முடிகிறதே, விசுவாசம் தரும் பலம் அதுதான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸைப் பாருங்கள். 1954-ல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு சிதைந்து, இந்த இளம் மருத்துவரின் கால்கள் செயலிழந்தன. அவற்றுக்கு அசைவு திரும்பவேயில்லை. அதே மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கி வந்தார். நரம்பு செத்து விரல்கள் மடங்கிப்போன கையில், இன்னும் உயிரோடிருக்கும் ஒரு தசையின் நாணை இடம் மாற்றி விரல்களோடு சேர்த்துத் தைக்க வேண்டும். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய சிகிச்சை. மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அதைச் செய்தார். பின்பு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டபோது அதை முன்னின்று நடத்தினார்.

சகித்துக்கொள் என்று சொல்லி ஏழைகளை அடக்கிவைக்கும் போதனை இது என்பார்கள். அப்படி இதைப் பயன்படுத்தியவர்கள் உண்டு, அது பாவம். ஆனால் பிலிப்பி சிறையில் நள்ளிரவில் பாடிய அதே பவுல், விடிந்ததும் சத்தமில்லாமல் வெளியேற மறுத்தார். விசாரணையின்றி ரோமக் குடிமக்களை அடித்தது அநியாயம், அதிகாரிகளே வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். பாட்டும் வழக்கும் ஒரே வாயிலிருந்து வந்தன. மனிதர் செய்த கொடுமையைத் தேவசித்தம் என்று விழுங்கச் சொல்ல வேதத்தில் இடமில்லை.

இது வெறும் மனவுறுதிதானே, நம்பாதவர்களிடமும் இருக்கிறதே என்ற கேள்வி இன்னும் கனமானது. இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த உறுதியே ஒடிந்துபோனவருக்கு எதைக் காட்டுவோம்? ஆசியாவில் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். மக்கெதோனியாவில் வெளியே போராட்டம், உள்ளே பயம். அங்கே தேவன் எப்படி ஆறுதல் செய்தார்? உடன் ஊழியர் தீத்து வந்து சேர்ந்தார், அவ்வளவுதான். தேவபலம் பலமுறை இப்படி ஒரு மனிதனின் காலடியோடுதான் வருகிறது. ஆகவே படுக்கையில் கிடப்பவரிடம் உமக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல எந்தச் சபைக்கும் உரிமையில்லை. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும் கட்டளை நடக்கத் திராணியுள்ளவர்களுக்கும் உரியது. இந்த வாரம் அப்படிப் படுத்திருப்பவரின் வீட்டுக்கு யார் போகிறீர்கள் என்பதை, ஆராதனை முடிந்து கலைவதற்குள் பேசி முடிவு செய்யுங்கள்.