மலையான யானை
இளையோர் மாயக்கதையில் அச்சத்துக்கு இடமுண்டு. அச்சம் என்ன ஆனது என்பதையும் கதை சொல்ல வேண்டும். மதுரைக்கு அருகே ஒத்தக்கடையில் நின்றால் கண்ணை நிறைக்கும் யானைமலைக்கு அப்படியொரு கதை உண்டு. திருவிளையாடற் புராணத்தின்படி, மதுரையை அழிக்க வேள்வித் தீயிலிருந்து ஒரு யானை எழுகிறது. மதுரைச் சிவனான சோமசுந்தரர் வில்வீரராக வந்து நரசிங்கக் கணையால் அதை வீழ்த்துகிறார். விழுந்த உடல் மலையாகிறது. ஊரை மிதிக்க வந்த அதே உருவத்தின் நிழலில் இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

வேள்வி செய்தவர்களாகச் சமணரைக் காட்டுவது பழைய சமயப் பூசலின் தழும்பு. அந்தப் பகையை இன்றைய பிள்ளைகளுக்குக் கடத்தக் கூடாது. கதையை மறுபடி எழுதுபவர் இதில் கவனமாக இருக்க வேண்டும். மலையோ இரு சமயத்துக்கும் இடம் தந்திருக்கிறது: அதன் பாறையிலேயே சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. அடிவாரத்தில், 770-ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு, நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில் இருக்கிறது.