பாற்குடமும் கர்மயோகமும்

1892-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் குஜராத்தின் நடியாத் நகருக்கு ஓர் இளம் துறவி வந்தார். ஜுனாகட் சமஸ்தானத்தின் திவானாகிய ஹரிதாஸ் விஹாரிதாஸ் தேசாயின் இல்லம் அவ்வூரில் இருந்தது. அங்கே தங்கிவிட்டுப் பரோடா நோக்கிச் சென்ற அந்தத் துறவியே, மறு ஆண்டு சிகாகோ சர்வசமயப் பேரவையில் பாரதத்தின் குரலாக ஒலித்த சுவாமி விவேகானந்தர். ஏழை உழவன் எழாமல் நாடு எழாது என்ற உறுதி அவருள்ளத்தில் ஆழமாக வேரூன்றியது அந்தப் பயண ஆண்டுகளில்தான்.

நடியாத் அமைந்திருப்பது கேடா மாவட்டத்தில். அன்று அதே மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஆனந்த் என்னும் ஊரில், சுவாமிஜி மகாசமாதி அடைந்த மறு ஆண்டு, 1903-இல், ஓர் உழவர் குடும்பத்தில் திரிபுவன்தாஸ் படேல் பிறந்தார். காந்தியடிகளின் வழியைத் தம் வழியாகக் கொண்டு, விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றவர் அவர். காவி உடுத்தவில்லை, குடும்பத்தைத் துறக்கவில்லை. கிராமம் கிராமமாக நடந்து, கறவை வைத்திருந்த எளிய மக்களின் திண்ணைகளில் அமர்ந்து பேசியதே அவர் செய்த தவம்.

அந்த எளிய மக்களின் நாள் எப்படிப்பட்டது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். விடியலுக்கு முன் எழ வேண்டும். தொழுவத்தைக் கூட்டி, சாணம் அள்ளி, தண்ணீர் காட்டி, தீவனம் வைத்து, கன்றை ஊட்டவிட்டுக் கறக்க வேண்டும். மாலையில் மீண்டும் அதே வேலை. எருமைக்கு ஏகாதசியும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. வீட்டில் மகளுக்குத் திருமணம் என்றாலும், தாய் கண் மூடிய நாள் என்றாலும், மடி கனத்துவிட்டால் யாரேனும் ஒருவர் குடத்துடன் குனிந்தே ஆக வேண்டும். துவாரகைக்குச் சென்று கண்ணனைத் தரிசிக்க ஆசை இருக்கும். ஆனால் கறவையை யாரிடம் விட்டுச் செல்வது? இத்தகைய மனிதருக்கு ஆன்மீக வாழ்வு உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பால்காரர் மட்டுமல்லர். நோயாளியான கணவரைப் பேணும் மனைவியும், தறியை விட்டு எழ முடியாத நெசவாளியும், 'ஜபத்திற்கு நேரமில்லையே' என்று ஆசிரமங்களுக்கு வந்து கண் கலங்கும் இல்லறத்தாரும் கேட்கும் கேள்வி இது. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் உழவையும் பசுக்காத்தலையும் வாணிபத்தையும் மனிதனின் இயல்பான கடமைகளாக ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறது. அத்துடன் நிற்காமல், அந்தக் கடமையையே இறைவனுக்குரிய அர்ச்சனையாக்கி மனிதன் நிறைநிலை அடையலாம் என்றும் காட்டுகிறது. பசுக்காத்தலை விட்டுவிட்டு வா என்று பகவான் சொல்லவில்லை. சொல்பவனே மாடு மேய்த்தவன் அல்லவா!

ஆனால் எல்லாக் கறவையும் வழிபாடாகிவிடுமா? குடத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியப் போகிறது? மகனின் பள்ளிச் செலவு நெருக்கும்போது, வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது, அந்தச் செம்பை நோக்கிக் கை நீளத்தான் செய்யும். பாலில் தண்ணீர் கலந்தால் பிரிக்க இயலாது, வெண்ணெயோ தண்ணீரில் மிதக்கும். மனமும் அப்படித்தான் என்பது பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் புகழ்பெற்ற உவமை. அதைக் கேட்டு ரசிப்பவர் பலர். கடைகிற கையின் வலியை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. விடியற்காலை இருட்டில், யாரும் பார்க்காத தொழுவத்தில், அந்தச் செம்பை எடுக்காமல் கையை மடக்கிக்கொள்ளும் பெண்மணி அந்த உவமையின் பொருளை அறிந்தவள்.

கேடா மாவட்டத்தில் நடந்ததோ இதற்கு நேர்மாறான அநீதி. 1945-இல் பம்பாய் நகருக்குப் பால் வழங்கும் அரசுத் திட்டம் தொடங்கியது. ஆனந்த் பகுதியில் பாலைக் கொள்முதல் செய்யும் உரிமை ஒரே தனியார் நிறுவனத்திடம் இருந்தது. பால் விலை நகரத்தில் உயர்ந்தது; கறந்தவர் கையில் வந்து சேர்ந்ததோ சொற்பம். உழவர்கள் சர்தார் வல்லபபாய் படேலிடம் முறையிட்டனர். கூட்டுறவுச் சங்கம் அமையுங்கள், வேண்டுமானால் பால் விற்பதையே நிறுத்துங்கள் என்பது அவரது ஆலோசனை. நஷ்டம் வரும், தாங்குவீர்களா என்றும் அவர் கேட்டார். 1946 ஜனவரி 4-ஆம் தேதி சமர்கா கிராமத்தில் மொரார்ஜி தேசாய் தலைமையில் கூடிய கூட்டத்தில் முடிவு எடுக்கப்பட்டது. தொடர்ந்து 15 நாட்கள் வணிகர்களுக்கு ஒரு துளிப் பாலும் விற்கப்படவில்லை.

15 நாட்கள் என்று எழுதிவிடுவது எளிது. அன்றன்றைய பாலை விற்று அன்றன்றைய உப்பும் தானியமும் வாங்கும் வீட்டில் அது எத்தனை வேளை உணவு! உறுதி குலைந்து ஒருவர் இரவில் பாலை விற்றிருந்தால், அடுத்தவரும் விற்றிருப்பார். அண்டை வீட்டார் விற்கமாட்டார் என்ற நம்பிக்கை மட்டுமே ஒவ்வொரு வீட்டையும் தாங்கி நின்றது. இறுதியில் அரசு இணங்கியது. 1946 டிசம்பர் 14-ஆம் தேதி கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் அதன் முதல் தலைவரானார். இரண்டே கிராமச் சங்கங்கள், நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பால். பிற்காலத்தில் 'அமுல்' என்று நாடறிந்த அமைப்பின் ஆரம்பம் அவ்வளவே.

மண்டலி என்று அவர்கள் அழைக்கும் கிராமச் சங்கத்தின் வாசலில் காலையும் மாலையும் வரிசை நின்றது. முதலில் வந்தவர் முதலில் ஊற்ற வேண்டும். உயர்குலத்தார் எனப்பட்டவர் தீண்டத்தகாதவர் எனப்பட்டவருக்குப் பின்னால் நின்றார்; இருவர் பாலும் ஒரே பாத்திரத்தில் கலந்தது. அளவையும் கொழுப்புச் சத்தையும் சோதித்தே விலை தரப்பட்டது. கருவி குலம் கேட்கவில்லை. வேதாந்தம் கூறும் சமத்துவத்தைப் பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியாயிற்று. இங்கே அது ஒரு பாற்குடத்தின் வழியாகச் சத்தமின்றி நடந்தது. சாதி அத்துடன் ஒழிந்துவிடவில்லை என்பதும் உண்மை. எனினும் நாளுக்கு இருமுறை கால்கள் அந்த வரிசையில் நின்று பழகின.

திரிபுவன்தாஸின் பெருமைக்குச் சான்றாக மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1949-இல் அரசுப் பணிக்காக ஆனந்துக்கு வந்த இளம் பொறியாளர் வர்கீஸ் குரியன், அவ்வூர் பிடிக்காமல் புறப்படக் காத்திருந்தார். கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர். புதிய இயந்திரங்களை நிறுவும்வரையாவது இருந்து உதவுங்கள் என்று திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டார். தங்கிய குரியன் 2012-இல் மறையும்வரை ஆனந்த்வாசியாகவே வாழ்ந்தார். தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டவர் அவர். அதனால் என்ன? கர்மயோகத்தின் இலட்சிய புருஷராகச் சுவாமிஜி காட்டியது, கடவுளைப் பற்றிய வாதங்களை ஒதுக்கிவைத்த புத்தரைத்தான். பக்தரான உழவரும் நம்பிக்கையற்ற பொறியாளரும் ஒரே வேள்வியில் நெய் வார்க்க முடிந்ததென்றால், அங்கே வேள்வி உண்மையாக நடந்தது என்பதே பொருள்.

1963-இல் குரியன், தாரா குரோடி ஆகியோருடன் திரிபுவன்தாஸுக்கும் மகசேசே விருது வழங்கப்பட்டது. மறு ஆண்டு பத்மபூஷண் வந்தது. விருதுகளைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை. அவர் பதவியை விட்டு இறங்கிய விதம்தான் சிந்திக்கத்தக்கது. 1970-களின் தொடக்கத்தில், யாரும் கேட்காமலேயே தலைமையிலிருந்து விலகினார். அதைக் கேட்ட கிராம மக்கள் உறுப்பினருக்கு ஒரு ரூபாய் வீதம் திரட்டி, 6 இலட்சம் ரூபாயைப் பணமுடிப்பாக அவர் கையில் கொடுத்தனர். எருமையின் பின்னால் வாழ்நாளைக் கழித்தவர்களின் ரூபாய் அது. மறுத்தால் அவர்கள் மனம் நோகும். வைத்துக்கொண்டால் இத்தனை ஆண்டுத் தொண்டும் கூலிக்குச் செய்ததாகிவிடும்.

அவர் வாங்கிக்கொண்டார். அந்தப் பணத்தை முதலாக வைத்து, கேடா மாவட்டத்துத் தாய்மார்கள், குழந்தைகளின் உடல்நலத்திற்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். பால் பெருகிய கிராமங்களிலும் கறக்கும் தாய் நலிந்திருந்தாள். அவள் குழந்தை மெலிந்திருந்தது. அதே மண்டலிகளின் துணையோடு சுகாதாரப் பணியாளர்கள் கருவுற்ற பெண்களின் வீடுகளைத் தேடிச் சென்றனர். 1994 ஜூன் 3-ஆம் தேதி திரிபுவன்தாஸ் காலமானார். அன்று மாலையும் கேடாவில் மடிகள் கனத்தன. பெண்கள் குடங்களுடன் மண்டலிக்குச் சென்றனர்.