கணக்குக்கு ஒருத்தி

என் அக்கா மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டு விடுமுறைக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த வேகத்திலேயே அவளுக்கு ஓர் அழைப்பு. கல்லூரி திறந்ததும் ஹேக்கத்தான் என்ற தொழில்நுட்பப் போட்டிக்கான உள்சுற்று நடக்கப் போகிறது, எங்கள் டீமில் சேர்கிறாயா என்று வகுப்புப் பையன்கள் கேட்டிருந்தார்கள். முதல் ஹேக்கத்தான். துள்ளிக் குதித்துச் சரி சொன்னாள். பின்னணி என்னவென்று பிறகுதான் ஒரு தோழி மூலம் தெரியவந்தது. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் விதிப்படி ஓர் அணிக்கு ஆறு பேர், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஐந்து பையன்கள் ஏற்கெனவே தயார். ஆறாவது இடத்துக்கு ஒரு பெண் கிடைத்தால் போதும் என்று தேடியதில், முதலில் கேட்கப்பட்டவர்கள் மறுத்த பிறகு இவள் முறை வந்திருக்கிறது.

"கணக்குக்குத்தான் சித்தி என்னைச் சேத்திருக்காங்க. வரலைன்னு சொல்லிடட்டுமா?"

சுயமரியாதை உள்ள பெண் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் இதற்குச் சட்டென்று பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று யோசித்தேன், ஏனென்றால் நானே அப்படி வந்தவள். தமிழக அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு வந்தது 1989இல். அதில்தான் நான் உதவிப் பொறியாளராக நுழைந்தேன். சேர்ந்த புதிதில் டீ நேரத்துப் பேச்சில் "லேடீஸ் கோட்டா" என்ற சொல் காதில் விழும். என்னைப் பார்த்துச் சொன்னதாகவும் இருக்காது, சொல்லாததாகவும் இருக்காது. அந்தச் சொல் கொஞ்ச நாள் சுட்டது, பிறகு மரத்துப்போனது. மரத்துப்போகாதது இன்னொன்று. "வெயில்ல நீங்க எதுக்கு மேடம்? ஆபீஸ்ல உக்காந்து எஸ்டிமேட் போட்டுக் குடுங்க, சைட்டை நாங்க பாத்துக்கறோம்." சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. உண்மையிலேயே என் மேல் அக்கறைப்பட்டவர்கள். பிரச்சினையே அதுதான். கேலி செய்தால் சண்டை போடலாம், உபசாரத்தோடு எப்படிச் சண்டை போடுவது? எங்கள் வேலையில் எம்-புக் என்று ஒன்று உண்டு. சைட்டில் நின்று அளந்து, அளந்ததை அங்கேயே எழுத வேண்டிய புத்தகம். எம்-புக் எழுதாத பொறியாளரை ஒப்பந்ததாரர் முதல் மேஸ்திரி வரை யாரும் பொறியாளராக எண்ணுவதில்லை. நிழலில் உட்காரச் சொல்வது அந்தப் புத்தகத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வதற்குச் சமம்.

அதனால் அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "சேத்தது சரி, என்ன வேலை குடுத்திருக்காங்க?"

பிபிடி ஸ்லைடு போடும் வேலை. வேறென்ன! "உனக்குத்தான் டிசைன் நல்லா வரும்" என்று பாராட்டோடு கொடுத்திருந்தார்கள். அவள் டிசைன் செய்து அவர்களில் ஒருவனும் பார்த்ததில்லை.

ஹேக்கத்தான் தொடங்கியபோது இப்படி இல்லை. அந்தப் பெயரில் அறியப்படும் முதல் கூடல்களில் ஒன்று 1999 ஜூனில் கனடாவின் கால்கரி நகரில் நடந்தது. ஓப்பன் பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை எழுதிக்கொண்டிருந்த பத்துப் பேர் கூடினார்கள். மறைகுறியாக்க மென்பொருளுக்கு அமெரிக்காவில் ஏற்றுமதித் தடைச் சிக்கல் இருந்ததால் எல்லைக்கு அப்பால் உட்கார்ந்து எழுதினார்கள். பரிசு, நடுவர், சான்றிதழ் எதுவும் கிடையாது. 2017இல் தொடங்கிய நம் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் வேறு மாதிரி. அமைச்சகங்கள் பிரச்சினைகளைத் தருகின்றன, கல்லூரிகள் அணிகளை அனுப்புகின்றன, மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம் ஓடுகிறது. கால்கரியில் வேலையே ஆளைக் கூட்டியது. இங்கே ஆளைச் சேர்த்த பிறகுதான் வேலையைத் தேடுகிறோம். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். விதி இல்லாவிட்டால் அந்த ஐந்து பையன்கள் ஆறாவதாக இன்னொரு பையனைத்தான் சேர்த்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விதி அவளைக் கதவைத் தாண்டி உள்ளே விட்டுவிட்டது. எந்த நாற்காலியில் உட்காருவது என்பதை எந்த விதியும் எழுதித் தராது.

வரமாட்டேன் என்று சொல்ல வேண்டாம் என்று முடிவாயிற்று. அவள் போட்டு வைத்திருந்த தயாரிப்புப் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றியது: பைத்தான், ரியாக்ட், மெஷின் லேர்னிங், டேட்டாபேஸ். ஒரு விடுமுறைக்குள் ஒரு பட்டப்படிப்பு. தகுதியால் வரவில்லை என்று நினைக்கிறவர்கள் போடும் பட்டியல் அது, அந்தப் பையன்களில் ஒருவனும் அப்படி எதுவும் போட்டிருக்க மாட்டான். எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு பாகத்தைத் தலைகீழாகத் தெரிந்துகொள் என்றேன். சென்னையில் ஒவ்வொரு மழைக்கும் சப்வேக்களில் தண்ணீர் நிற்கிறதே, அதன் மட்டத்தை அளந்து எச்சரிக்கும் கருவி என்பதுதான் டீம் யோசித்திருந்த திட்டம். அளவிடும் பாகத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் ஆப் மேல்தான் ஆசை.

அதற்கான பாகங்கள் வாங்க, மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனோம். கடைக்காரர் இவள் வாயைத் திறப்பதற்குள், "காலேஜ் ப்ராஜெக்டாம்மா? முழுசா செஞ்சதே இருக்கு, கோடும் சேத்துத் தந்துடறோம்" என்றார். அதுவும் ஓர் உபசாரம்தான். இவள் வாங்கியது ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, ஹெச்சி-எஸ்ஆர்04 என்ற மீயொலி சென்சார், பிரெட்போர்டு, கொஞ்சம் ஒயர், சில ரெசிஸ்டர்கள். சென்சார் விலை நூறு ரூபாய்க்குள்தான். ரெசிஸ்டர் எதற்கு என்று நான் கேட்டேன். சென்சார் 5 வோல்ட்டில் பதில் சொல்லும், போர்டு தாங்குவது 3.3 வோல்ட், நேராகக் கொடுத்தால் போர்டு பாழாகிவிடலாம், இரண்டு ரெசிஸ்டரை நடுவில் போட்டுக் குறைக்க வேண்டும் என்றாள். வீடியோவில் பார்த்ததுதான். ஆனாலும் பேருந்தில் வரும்போது நோட்டில் கணக்குப் போட்டுச் சரிபார்த்தாள்.

வீட்டில் குளியலறைதான் சப்வே. துணிக்கம்பியில் சென்சாரைத் தலைகீழாகக் கட்டி, கீழே வாளி வைத்து, குவளை குவளையாக ஊற்றி அளந்தாள். தண்ணீர் அசையும்போது எண்கள் கூத்தடித்தன. 58, 59, 58, 400, 59. ஒலி அலை எங்கேயோ சிதறிச் சரியாகத் திரும்பி வராதபோது சென்சார் இப்படி எதையாவது உளறுகிறது. ஐந்துக்கும் சராசரி எடுத்தால் 126.8. சென்சாருக்கும் தண்ணீருக்கும் நடுவே அவ்வளவு தூரமே இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 59. பள்ளியில் மீடியன் கணக்கை எத்தனையோ முறை போட்டிருக்கிறாள். அது எதற்கு என்று ஈரத் தரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பிடிபட்டது போலிருக்கிறது, "ஓ!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்து இன்னொரு சிக்கல். ஸ்கேலில் 60 சென்டிமீட்டர், திரையில் 58.5. ஒயரை மாற்றினாள், சென்சாரைக் கழற்றி மாட்டினாள், வித்தியாசம் போகவில்லை. நிரலில் ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர் என்று இருந்தது. அது 20 டிகிரிக்கான கணக்கு. சென்னை மே மாதத்தில் 20 டிகிரிக்கு எங்கே போவது? 35 டிகிரியில் வேகம் கிட்டத்தட்ட 352 மீட்டர். மாற்றிப் போட்டதும் 60 வந்து நின்றது. முழங்கால் அளவுத் தண்ணீருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை, யாரும் கேட்கவும் போவதில்லை. ஆனால் டீமில் ஆறு பேரில் அவள் ஒருத்திக்குத்தான் இது தெரியும். அந்த நாளுக்குப் பிறகு 'கணக்குக்கு' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

பிபிடியை என்ன செய்வது? தூக்கி எறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் போட்டியில் யோசனைகளை முதலில் வடிகட்டுவதே அந்த ஸ்லைடுகளை வைத்துத்தான். அதை எழுத உட்கார்ந்தபோதுதான், எச்சரிக்கை போனால் சாலையை மூடுவது யார் என்ற கேள்வி அவளுக்கு எழுந்தது. போலீஸா, மாநகராட்சியா? சில சப்வேக்கள் மாநகராட்சி வசம், சில நெடுஞ்சாலைத் துறை வசம். எந்த எண்ணுக்குச் செய்தி போக வேண்டும் என்று ஆப் எழுதிக்கொண்டிருந்தவன் யோசித்திருக்கவே இல்லை. குரூப்பில் கேட்டாள். அரை நாள் யாரும் பதில் போடவில்லை. பிறகு ஒரு கூகுள் மீட் வைத்து இரண்டு மணி நேரம் சண்டை போட்டார்கள்.

மீட் முடிந்ததும் அவள் குரூப்பில் எழுதினாள்: சென்சார் பகுதி என்னுடையது, அதற்கான ஸ்லைடை நான் செய்கிறேன், அவரவர் பாகத்துக்கு அவரவர் ஸ்லைடு, நடுவர் கேட்டால் அவரவரே பதில் சொல்ல வேண்டும். மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். ஒருவன் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தான். இன்னொருவன், "டெம்ப்ளேட் மட்டும் நீ அனுப்பிடு" என்றான்.

அனுப்பினாள்.