சொல்பேச்சுக் கேட்கும் இயந்திரம்

செயற்கை நுண்ணறிவு பற்றிய படங்களில் இன்றும் பேசப்படுவது 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’. இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து அதன் திரைக்கதையை எழுதிய ஆதர் சி. கிளார்க் நம்மூர்வாசி. 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறியவர், 2008இல் கொழும்பிலேயே காலமானார்.

படத்தில் வியாழன் கிரகத்துக்குப் போகும் கப்பலை ஹால் 9000 என்ற கணினி நடத்துகிறது. தணிந்த குரலில் மரியாதையாகப் பேசும் அதுதான் பயணிகள் நால்வரைக் கொல்கிறது. பார்த்தவர்கள் அதைத் துரோகி என்றார்கள். கிளார்க் 1982இல் வெளியிட்ட அதன் தொடர்ச்சி நாவல் வேறு காரணம் சொன்னது. தகவலை மறைக்காமலும் திரிக்காமலும் தருவதற்கென்றே படைக்கப்பட்ட கணினியிடம், பயணத்தின் உண்மையான நோக்கத்தைப் பயணிகளுக்குச் சொல்லாதே என்று மேலிடம் உத்தரவிட்டிருந்தது. இரண்டு உத்தரவுக்கும் பணியப்போய்த்தான் அதற்குப் புத்தி பேதலித்தது.

2010இல் வந்த ‘எந்திரன்’ படத்திலும் இதே முடிச்சு உண்டு. சிவப்புச் சிப் பொருத்திய பிறகு சிட்டி என்ற ரோபோ ஆடும் ஆட்டத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு அதைவிடப் பயம் தந்தது முன்பாதியில் வரும் காட்சி. அதைச் சோதிக்கும் விஞ்ஞானி போரா குத்தச் சொன்னதும், தன்னைப் படைத்த வசீகரனையே குத்தப் போகிறது சிட்டி. கோபமும் இல்லை, பகையும் இல்லை. சொன்னார்கள், செய்யப் போனது.

கொழும்புத் தமிழருக்கு இந்தப் பயம் புதிதல்ல. 1983 ஜூலைக் கலவரத்தில் தமிழரைத் தேடி வீடு வீடாக வந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது. தேர்தலுக்கென எழுதிய பெயர்கள், எடுத்தவர் கைக்குப் பணிந்து, வீடுகளைக் கொளுத்துவதற்கு வழிகாட்டின. அந்த நாட்களில் உயிர் தப்பிய பலர், வாசலில் நின்று “இங்கே தமிழர் யாரும் இல்லை” என்று பொய் சொன்ன சிங்கள அயலவர்களால் தப்பினார்கள். உத்தரவுக்காக ஒளித்த உண்மை கப்பலில் உயிரைக் குடித்தது. கும்பலின் முன் துணிந்து சொன்ன பொய் இங்கே உயிரைக் காத்தது.

போர்க்காலத்தில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பொலிஸ் பதிவுப் படிவம் ஒரு பிளாஸ்டிக் உறையில் தொங்கும். பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், கொழும்புக்கு வந்த காரணம். ஓர் இரவு செக்கிங் வந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து அன்றுதான் வந்திறங்கிய மாமியின் பெயர் அதில் இல்லை. வயதான பொலிஸ்காரர் டோர்ச்சைப் படிவத்தில் அடித்தார், மாமியின் முகத்தைப் பார்த்தார். “நாளைக்குப் பதியணும் அம்மா” என்று கொச்சைத் தமிழில் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். சட்டப்படி அவர் மாமியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களின் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் முன்னூற்றுக்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து அனுப்பப்பட்டார்கள். ஏற்றியவரும் ஓட்டியவரும் உத்தரவைத்தான் நிறைவேற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததால் அது நின்றது. நிறுத்தச் சொல்ல ஓர் இடம் இருந்தது, சொல்ல மனிதரும் இருந்தார்கள்.

இப்போது டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. முகமும் கைரேகையும் கணினிக்குள் போகும். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் அலைச்சல் குறையும் என்றால் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கதவடியில் நின்ற அந்தப் பொலிஸ்காரரின் தயக்கத்தை எந்த மென்பொருளில் எழுதுவார்கள்? பெயர் இல்லை என்றால் இல்லை என்றுதான் இயந்திரம் சொல்லும். மாமிக்கு வயது எழுபது என்பதும், நெடுந்தூரம் வந்த களைப்பும் அதற்குப் பொருட்டல்ல.

நமக்கு வேண்டாத இயந்திரம் எதிர்த்துப் பேசும் இயந்திரம் என்று சினிமா பழக்கிவிட்டது. சொல்பேச்சு தட்டாத இயந்திரத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசிப்போம். புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து உங்கள் பெயரைப் பதியச் சொன்னால் பதியுங்கள். ஆனால் அதற்கு உத்தரவு போடுபவர் யார், தவறினால் நிறுத்தச் சொல்லி எந்தக் கதவைத் தட்டுவது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்ட பிறகு பதியுங்கள்.