மூன்றாம் நிலை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மனைத் தொழுதுவிட்டு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஜாலான் புசாரில் நிற்கும் சிம் லிம் டவரின் மின்னணு உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் ஆர்டுவினோ ஊனோ என்ற சிறு பலகையையும் இரண்டு மின்தடைகளையும் துணைகொண்டு, ஆன்மாவின் இயல்பைப் பற்றிச் சைவ சித்தாந்தம் கூறும் ஒரு நுட்பமான விஷயத்தைச் சிந்திக்கலாம் என்பது என் துணிபு.

அப்பலகையிலுள்ள மைக்ரோகண்ட்ரோலரின் முனை ஒன்று தன் சொந்த சக்தியால் தரவல்லவை இரண்டே நிலைகள்: 5 வோல்ட், அல்லது 0. முனையை அதிவேகமாக ஏற்றி இறக்கி, அதன் சராசரியை இடைநிலையாகக் கொள்ளும் வழியும் உண்டு. கௌடபாதர் மாண்டூக்ய காரிகையின் நான்காம் பிரகரணத்தில் எடுத்தாண்ட, சுழற்றும் கொள்ளி நெருப்புவட்டமாய்த் தோன்றும் உவமைக்கு அது உறவு. என் மனத்தைக் கவர்ந்ததோ வேறொரு வழி. 10,000 ஓம் மின்தடை ஒன்றை 5 வோல்ட்டிலிருந்து முனைக்கும், அதே அளவுள்ள மற்றொன்றை முனையிலிருந்து தரைக்கும் இணைத்து, முனையை உள்ளீடாக மாற்றிவிட்டால், அது மேலே தள்ளுவதையும் கீழே இழுப்பதையும் ஒருங்கே விட்டுவிடுகிறது. விட்டவுடன் அங்கே 2.5 வோல்ட் நிலைபெறுகிறது. முனை அதை உண்டாக்கவில்லை. சார்ந்தவற்றின் நிலையே அதன் நிலையாயிற்று.

ஆன்மாவின் இயல்பும் இத்தகையதே. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் ஏழாம் சூத்திரத்தில், சத்து அசத்து இரண்டையும் அறிவதாயினும் அவ்விரண்டில் எதுவும் ஆகாதது ஆன்மா என்று நிறுவினார். அதனைச் சதசத்து என்றும், சார்ந்ததன் வண்ணமாவது அதன் சுபாவம் என்றும் சித்தாந்திகள் விரித்துரைப்பர்.

இனி அவ்விரு மின்தடைகளையும் கழற்றிவிடுவோம். எல்லாவற்றையும் விட்ட முனை சாந்தமாக நிற்கும் என்று எதிர்பார்ப்போம், நிற்பதில்லை. அருகிலோடும் மின்கம்பியின் அதிர்வும், பக்கத்தில் நீட்டிய கையும்கூட அதை அலைக்கழிக்க, அது 0 என்றும் 1 என்றும் ஒழுங்கின்றி மாறி மாறிக் காட்டிக்கொண்டிருக்கும். பற்றுகளை உதறினாலே விடுதலை என்று இந்நாளில் பலரும் உபதேசிக்கிறார்கள். அது பாதி உண்மைதான். பற்றுக்கோடின்றி ஆன்மா ஒருபோதும் நிற்பதில்லையாதலால், பாசமாகிய தளையை விடுவது பதியாகிய இறைவனைப் பற்றுவதனாலேயே கைகூடும் என்பது சித்தாந்தத்தின் முடிபு. தைப்பூசத்தன்று, விரதங்காத்த உடலோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து காவடியெடுத்துப் புறப்படுபவர், வீட்டையும் உணவையும் உறக்கத்தையும் விட்டு எங்கோ செல்வதில்லை; டாங்க் ரோட்டுத் தெண்டாயுதபாணியின் சந்நிதியை நோக்கியே செல்கிறார்.

ஆயினும் ஒப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. முனை ஜடம், 2.5 வோல்ட்டில் நிற்பதை அது அறியாது, வேறொன்றைச் சாரவும் விரும்பாது. ஆன்மாவோ தான் எதைச் சார்ந்திருக்கிறது என்பதை அறியவல்லது. நம் கோயில்களில் சித்தாந்த வகுப்பு நடத்தும் பெரியோர்கள், பொறியியல் பயிலும் பிள்ளைகளுக்கு இத்தகைய உவமைகளைச் சொல்லும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்தே விளக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.